கதிரையில் வைத்த பை

கேமிங் விழாவுக்கு முதல் தடவையாகப் போகிறவர்கள் என்னிடம் வந்து யோசனை கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கன்ட்ரோலரின் பட்டன் இறுகிவிட்டது என்று வருகிறவர்கள், நான் ஆணியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே மெதுவாக ஆரம்பிப்பார்கள். "அக்கா, நீங்க போயிருக்கீங்கதானே? என்னென்ன கொண்டு போகணும்?"

"என்னத்தையும் கொண்டு போங்க. ஆனா கதிரையில பைய வச்சிட்டு எங்கயும் போயிடாதீங்க" என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு அந்த மண்டபத்தில் என் பக்கத்தில் நின்றிருந்தால் ஒருவருக்கும் பல் தெரிந்திருக்காது.

விளையாடப் போனது நான் இல்லை, என் தங்கச்சி. இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்ளும் சண்டை விளையாட்டு. வீட்டு அறையில் இருந்தபடியே கொழும்பில் உள்ளவர்களையெல்லாம் தோற்கடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் யாருக்கும் அவள் முகம் தெரியாது, ஒரு புனைபெயர் மட்டும்தான் தெரியும். தம்புள்ளையில், சீகிரியாவுக்குப் போகும் பாதையில் பெரிய மண்டபம் ஒன்றில் விழா நடக்கிறது, நேரில் வந்து ஆடலாம் என்று அறிவித்ததும் யாரிடமும் கேட்காமல் பெயரைக் கொடுத்துவிட்டாள். "ஒரு தடவையாச்சும் என் மூஞ்சியோட விளையாடணும்க்கா" என்றாள். அவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பது சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. தங்கச்சிக்குப் பள்ளிக்கூடக் காலத்திலேயே சீனி வருத்தம் வந்துவிட்டது. வயதானவர்களுக்கு வந்து மாத்திரையோடு போகிற சீனி இல்லை. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் இன்சுலின் ஊசி போட்டே ஆகவேண்டிய சீனி. இது வீட்டுக்கு வெளியே ஒரு ஈ, காக்கைக்குத் தெரியக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். மாத்தளை ஆஸ்பத்திரியில் தெரிந்த முகம் இருக்கும் என்று அவளைக் கண்டி கிளினிக்குக்குத்தான் கூட்டிப்போவாள். கல்யாண வீடுகளில் குளியலறைக்குள் வைத்து ஊசி போடவேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையென்றால் அம்மா முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு நிற்பாள். கேட்டால், "நாளைக்கு ஒரு நல்ல எடம் வந்தா என்னான்னு சொல்லுவேன்?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சண்டை போட்டுப் போட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் தங்கச்சியே ஒருநாள் என் வாயை அடைத்தாள். "அத சொல்றதா இருந்தா நான்தான் சொல்லணும். அம்மாவும் வேணாம், நீயும் வேணாம். சத்தியம் பண்ணு." பண்ணித் தொலைத்தேன்.

விழாவுக்கு அம்மாவும் வந்தாள். வராமல் எங்களை அனுப்ப மாட்டாள். கட்டுச்சோற்றுப் பொட்டலங்கள் மூன்று, அதற்கு அடியில் பழைய சேலைத் துணியில் சுற்றிய அகல வாய் பிளாஸ்க். பிளாஸ்க்குக்குள் ஐஸ் கட்டி, ஐஸுக்கு மேல் மருந்துக் குப்பியும் ஊசியும். பார்க்கிறவர்களுக்கு அது தேத்தண்ணி.

பஸ் விஷயத்தில் என் அம்மாவை அடிக்க ஆளில்லை. தம்புள்ளை பஸ் வந்து திரும்பும்போதே ஜன்னல் வழியாக லேஞ்சியை எறிந்தாள். அது சரியாக இருக்கையில் போய் விழுந்தது. எங்கள் ஊரில் இருக்கையில் ஒரு கைக்குட்டை கிடந்தால் போதும், அது ஆள் உட்கார்ந்த இடம். எவ்வளவு நெரிசல் என்றாலும் யாரும் எடுத்து எறிய மாட்டார்கள். பாதிவழியில் வரும் நாலந்தா தாண்டும்வரை அம்மா அந்தப் பெருமையிலேயே இருந்தாள். பையை மட்டும் மடியிலிருந்து இறக்கவில்லை.

முதல் தடவை போகிறவர்களே, வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. தம்புள்ளை வெயிலை லேசாக நினைக்காதீர்கள். படம் பிடிக்க அழகாக இருக்கும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், பழைய செருப்பு போதும். தண்ணீர் கொண்டுபோங்கள். நாங்கள் கொண்டுபோன தண்ணீர் வாசலை அடைய முன்னே தீர்ந்துவிட்டது. வரிசை அசையவே இல்லை. காலை ஊசி போட்டு இடியப்பம் சாப்பிட்டு வந்தவளுக்குப் பசி நேரம் தாண்டித் தாண்டிப் போய், உதடு வெளுத்து வியர்த்துக் கொட்டத் தொடங்கியது. சீனி இறங்குகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய் ஒரு சோடாப் போத்தல் வாங்கிவந்து கொடுத்தேன். மடமடவென்று முழுவதையும் குடித்தாள். வேறு வழி இருக்கவில்லை.

"புள்ளைக்கு என்னாங்க?" என்று கேட்டாள் எங்களுக்கு முன்னால் நின்ற பெண். எங்கள் ஊருக்குப் பக்கத்து உக்குவளையிலிருந்து மகனோடு வந்திருந்தாள். மகன் நெடுநெடுவென்று, மரியாதையாக, வேலைக்குப் போகிறவனாகத் தெரிந்தான். அம்மா அவனை ஒரு பார்வையில் அளந்துவிட்டாள்.

"வெயிலுதாங்க. நம்ம புள்ளைக்கு வெயிலு ஒத்துக்காது. மத்தபடி ஒரு காய்ச்சல் தலவலி கூட வராது."

நான் வானத்தைப் பார்த்துக்கொண்டேன். பார்க்காவிட்டால் ஏதாவது சொல்லித் தொலைத்திருப்பேன்.

வாசலில் காவலாளி பையைத் திறந்தான். பிளாஸ்க்கைத் தட்டி என்ன என்று கேட்டான். "தே மாத்தயா, தே" என்றாள் அம்மா, தேத்தண்ணி ஐயா என்று. பின்னால் நூற்றுக்கணக்கானோர் முட்டிக்கொண்டிருந்ததால் அவன் தலையாட்டி விட்டுவிட்டான். இந்த இடத்தில் இன்னொரு யோசனை: மருந்து இருந்தால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே சொன்னால் ஒரு ஆளுக்குத்தான் கேட்கும்.

உள்ளே சத்தம் என்றால் சத்தம். ஒவ்வொரு கூடாரத்திலும் ஒவ்வொரு பாட்டு, எங்கே பார்த்தாலும் வாளும் கவசமுமாக வேஷம் கட்டிய பிள்ளைகள். நடுவில் மேடை. மேடையில் இரண்டு கதிரை, பின்னால் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு திரை. ஆடுகிறவர்களுக்கும் அவர்களோடு வந்தவர்களுக்கும் மேடைக்குக் கீழே சில கதிரைகள். அம்மா முன்வரிசையில் மூன்றைப் பிடித்தாள்.

தங்கச்சி தண்ணீர் தண்ணீர் என்றாள். மறைவாக நின்று, என் கைப்பையில் இருந்த சீனி அளக்கும் மீட்டரில் விரலைக் குத்திப் பார்த்தோம். சோடா வேலையைக் காட்டியிருந்தது, சீனி எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. "எழுத்தெல்லாம் மங்கலா தெரியுதுக்கா" என்றாள். ஊசி போட்டே ஆகவேண்டும். அந்த நேரம் பார்த்து, ஆடுகிறவர்கள் எல்லாரும் அடையாள அட்டையோடு பதிவு மேசைக்கு வரவேண்டும், வராதவர்கள் பெயர் வெட்டப்படும் என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள்.

"முதல்ல பதிஞ்சிட்டு வந்துருவோம். வந்து பாத்ரூம்ல போட்டுக்கலாம்" என்றாள் தங்கச்சி.

அம்மாவும் எழுந்தாள். எழுந்தவள் பையைக் கதிரையில் வைத்தாள்.

"அம்மா, பைய எடுங்க."

"எடுத்தா எடம் போயிரும்டி. பை இருந்தா யாரு ஒக்காரப் போறா?"

மாத்தளை பஸ்ஸில் யாரும் உட்கார மாட்டார்கள்தான். பதிவு மேசையில் அட்டையைக் காட்டி, கையில் பட்டி கட்டிக்கொண்டு திரும்பும்போது பாட்டு நின்றிருந்தது. முன்வரிசை வெறுமையாகக் கிடந்தது. கதிரைகளைச் சுற்றிக் கயிறு கட்டி ஆட்களைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நடுவில் தன்னந்தனியாக எங்கள் பை.

ஆளில்லாத பை என்றால் இந்த நாட்டில் என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு சின்னப் பிள்ளை அழத் தொடங்கியது. பையை வெளியே கொண்டுபோய் யாராவது எங்கேயாவது போட்டுவிட்டால் மருந்து போச்சு.

"ஐயோ, எங்க பை! எங்க பை மாத்தயா!" அம்மா கயிற்றுக்கு அடியால் நுழைந்துவிட்டாள். மூன்று காவலாளிகள் பாய்ந்து வந்து தடுத்தார்கள். நானும் ஓடினேன். அவர்களில் மூத்தவர் முதலில் பையைத் தொடவிடவில்லை. உள்ளே என்ன என்று சிங்களத்தில் கேட்டார். சாப்பாடு என்றாள் அம்மா. ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொன்னார். பொட்டலங்கள் வந்தன. அதற்கு அடியில் துணி சுற்றிய பிளாஸ்க் வந்தது.

"மேக்கே மொனவத?" இதில் என்ன என்றார்.

அம்மா சுற்றிலும் பார்த்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், உக்குவளைப் பெண்ணும் மகனும் நின்றார்கள்.

"தே" என்றாள்.

"எஹெனங் பீலா பென்னன்ன அம்மே."

அப்படியானால் குடித்துக் காட்டுங்கள் அம்மா. யுத்தம் நடந்த, சோதனைச் சாவடிக் காலத்துப் பழக்கம். தண்ணீர்ப் போத்தலை வைத்திருப்பவனையே ஒரு வாய் குடிக்கச் சொல்வார்கள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை அவர். ஆனால் அம்மா பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். குடிக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. அதைப் பார்த்ததும் இளைய காவலாளிகள் இரண்டு பேரும் பின்னால் அடி வைத்தார்கள். ஒருவன் வயர்லெஸ்ஸை வாய்க்குக் கொண்டுபோனான்.

மேடையில் தங்கச்சியின் புனைபெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று தடவைதான் கூப்பிடுவார்கள். எதிராளி ஏற்கெனவே உட்கார்ந்து கன்ட்ரோலரைச் செருகிவிட்டான்.

"அம்மா, சொல்லுங்க" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வாய மூடு."

"அது இல்லாம அவ எப்படி நிப்பா? பைத்தியமா ஒங்களுக்கு?"

இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வம்புக்கென்றே பிறந்த வாய் என்னுடையது, ஒரு சத்தியத்துக்காக அதைப் பிடித்து வைத்திருந்த வேதனையை நான்தான் அறிவேன்.

அப்போது தங்கச்சி கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். தடுமாறி ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் கையிலிருந்து பிளாஸ்க்கை வாங்கினாள். வாங்கினாள் என்ன, பிடுங்கினாள். துணியை உருவிக் கீழே போட்டு மூடியைத் திறந்து காவலாளியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மே மகே பெஹெத். இன்சுலின்" என்றாள். என் மருந்து. பிறகு, மண்டபத்தில் பாட்டு இல்லாத அந்த அமைதியில், தனக்குச் சீனி வருத்தம், சின்ன வயதிலிருந்தே, இப்போது போடவேண்டும், போட்டுவிட்டு அதோ அந்த மேடையில் ஆடவேண்டும் என்று சிங்களத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கடைசி வரிசைவரைக்கும் கேட்டிருக்கும்.

மூத்த காவலாளி எட்டிப் பார்த்தார். குப்பியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "சமாவென்ன நங்கி" என்று மன்னிப்புக் கேட்டு, தானே கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

மூன்றாவது தடவை கூப்பிட ஆரம்பிக்கும்போதே தங்கச்சி மேடைப் படியில் கால் வைத்துவிட்டாள். பாத்ரூமுக்குப் போக ஏது நேரம்? கதிரையில் உட்கார்ந்தாள். குப்பியிலிருந்து மருந்தை ஊசிக்கு இழுத்து, கோடு மங்கலாகத் தெரிகிறது என்று என்னைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொன்னாள். சட்டை நுனியை விரலளவு தூக்கினாள். எதிரே இருந்த கமரா அதையெல்லாம் பெரிய திரையில் காட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, கோபத்திலா என்று கேட்டால் இல்லை.

அம்மா மேடை ஏறி ஓடி வந்தாள். தங்கச்சிக்கு முன்னால் நின்று முந்தானையை இரண்டு கையாலும் விரித்தாள். அந்தக் கைகளுக்கு வேறு எதுவும் தெரியாது.

தங்கச்சி நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, வெளிச்சம் மறைக்குது. கொஞ்சம் தள்ளுங்க" என்றாள். அதட்டவில்லை. ஊசி போடும்போது எனக்குச் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

அம்மா முந்தானையை இறக்கித் தள்ளி நின்றாள். ஊசி இறங்கியது.

இன்சுலின் மந்திரம் இல்லை, போட்டவுடனே கண் தெளிந்துவிடாது. முதல் சுற்றைத் தோற்றாள். இரண்டாவதை எப்படி வென்றாள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை, கூட்டம் அவள் புனைபெயரைச் சொல்லிக் கத்தியது. மூன்றாவதை மயிரிழையில் விட்டாள். எதிராளி எழுந்து வந்து கை கொடுத்தான். இத்தனை நாள் தன்னை அடித்து நொறுக்கியது இவள்தானா என்று கேட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள். உக்குவளைப் பெண் எங்களிடம் வந்து எதுவும் பேசவில்லை, தூரத்திலிருந்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். அம்மா அதைக் கவனித்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பொட்டலங்களை அந்தக் கதிரைகளிலேயே உட்கார்ந்து பிரித்துச் சாப்பிட்டோம். துணி கீழே கிடந்தது, யாரும் எடுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஒரே நெரிசல். அம்மா லேஞ்சி எறியவில்லை, ஏறிப்போய்க் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தாள். பிளாஸ்க்கைத் துணி சுற்றாமல் வெறுமனே மடியில் வைத்திருந்தாள். கண்டக்டர் வந்து, ஆட்கள் நிற்க இடமில்லை, கையில் இருப்பதையெல்லாம் மேலே தட்டில் போடச் சொன்னான். தேத்தண்ணிதானே, சிந்தாது என்றான் பிளாஸ்க்கைக் காட்டி.

"தே இல்ல தம்பி" என்றாள் அம்மா. தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை சொன்னாள். "இது மருந்து. என் சின்ன மகளுக்குச் சீனி. ஐஸ்ல வச்சிருக்கேன், மேல போட ஏலாது."

முன்னாலும் பின்னாலும் தலைகள் திரும்பின. தங்கச்சி கூச்சத்தில் அம்மாவின் தோளுக்குள் புதைந்தாள்.

"அம்மா, மெதுவா. பஸ்ஸுக்கே கேக்குது."

"கேக்கட்டும்" என்றாள் அம்மா.