சாச்சா கட்டிக்கொடுத்த காம்பவுண்டு

எங்கள் தண்டையார்பேட்டையில் மதில் என்று யாரும் சொல்லமாட்டார்கள், காம்பவுண்டுதான். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதைக் கப்பலில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னார். "மலேயாவுல கம்போங்னா ஊரு. நாலு குடும்பம் ஒண்ணா குந்திகினு கீற எடம். வெள்ளக்காரன் அத்த காம்பவுண்டுன்னான். நம்மாளுங்க உள்ள கீற ஜனத்த வுட்டுட்டு, சுத்தி கீற சொவுர மட்டும் புட்சிகினாங்க." நாங்கள் சிரித்தோம். எங்களைப் பெற்ற அத்தா சிரிக்கவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் அவரும் அவர் தம்பி, எங்கள் சாச்சாவும், வீட்டை இரண்டாகப் பிரித்து முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பியிருந்தார்கள்.

கோபத்தில் கட்டியவர்களுக்கு ஒன்று மட்டும் தோன்றவில்லை. எந்த வீட்டிலிருந்தும் ஒருநாள் மையத்து, இறந்தவரின் உடல், வெளியே போகவேண்டும். அத்தா திடீரென்று மவுத்தானபோது, பள்ளிவாசலிலிருந்து வந்த சந்தூக்கு, மையத்தைச் சுமந்துபோகும் அந்த நீளப் பெட்டி, எங்கள் பக்கத்துச் சந்தில் திரும்பவே இல்லை. வந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அப்போது சாச்சா கடப்பாரையோடு வந்தார். "எங்கண்ணனுக்கு வழியில்லியா? நவுருங்கய்யா!" என்று அழுதுகொண்டே சுவரை இடித்தார். அத்தா சாச்சாவின் வாசல் வழியாகத்தான் கபர்ஸ்தானுக்குப் போனார். தெருவே சாச்சாவை மெச்சியது. அத்தனை துக்கத்திலும் எனக்கு ஒரு சந்தோஷம்: வீடு மறுபடி ஒன்றாகிவிட்டது.

அம்மா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதத்துக்கு மேல் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கவேண்டும். கொழுந்தனும் வெளி ஆண்தான். சில நாள் கழித்துச் சாச்சா மூடிய கதவுக்கு வெளியே நின்று, "அண்ணி, உங்களுக்கு மறைப்பு வோணும்ல? நானே கட்டிக் குட்த்துடறேன்" என்றார். "நீ நல்லா இருக்கணும்பா" என்று உள்ளிருந்தே அம்மா துஆ செய்தாள். சாச்சா கொத்தனாரோடு சேர்ந்து தானே கலவை குழைத்தார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். என் தலையைத் தடவிக்கொண்டே குடித்தார்.

இத்தா முடிந்து அம்மா முற்றத்துக்கு வந்தாள். அத்தா கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்த இடத்தில் இப்போது இரண்டு பக்கெட் வைக்கத்தான் இடம். மறைப்பு என்ற பேரில் சாச்சா சுவரை எங்கள் பக்கம் தள்ளிக் கட்டி, முற்றத்தில் பாதியை விழுங்கியிருந்தார். அண்ணன் பெண்டாட்டி கதவைச் சாத்திக்கொண்டு அழுகிற நேரம் பார்த்து நிலம் திருட எப்படித்தான் மனசு வந்ததோ, பாவி! நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அன்று எரியவில்லை. அம்மா சுவரில் கையை வைத்து, "இன்னாடி இது, எடம் இம்மாத்தூண்டு ஆயிடுச்சி?" என்றாள். எனக்குத்தான் காரணம் தெரியுமே! "எடம் அப்டியேதாம்மா கீது. நான் வளந்துட்டேன், அதான்" என்று குதிகாலை உயர்த்தி நின்று காட்டினேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் வளர்ந்ததைப் பார்க்க அத்தா இல்லையே என்று அழுகிறாள் என நினைத்தேன்.