இருபது கிலோ ஊண்டும்!

மூன்று நாலு மாதமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன்.

ஆறு கிழமைக்கு முன், சுவிஸ் தலைநகர் பேர்னில் ஒரு ஆஸ்பத்திரியில் என் மனுசன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். கல்யாணம் கட்டி இருபத்தேழு வருசத்தில் நான் காணாத காட்சி!

நடந்தது இதுதான். மாரிக்காலத்தில் எங்கள் பூம்ப்ளிஸ் பகுதியில் ட்ராமிலிருந்து இறங்கும்போது பனிக்கட்டியில் சறுக்கி, கணுக்காலை முறித்துக்கொண்டேன். ஒப்பரேசன், பிளேட், ஆறு கிழமை ஓய்வு. பிறகு டாக்டர் தெளிவாகத்தான் சொல்லி விட்டார்: "குளியலறைத் தராசை எடுங்கள். முறிந்த காலை அதில் வைத்து, இருபது கிலோ காட்டும்வரை அழுத்திப் பழகுங்கள். ஊன்றுகோலோடு, அதே பாரத்தில் தினமும் நடங்கள்."

"யா, யா" என்று இரண்டு பேரும் தலையாட்டினோம். வீட்டுக் கதவு மூடியதும் மனுசன் தொடங்கினார்.

"அவையள் அப்பிடித்தான் சொல்லுவினம். முறிஞ்ச காலை ஆரும் ஊண்டுவினமோ? எலும்பு பொருந்தட்டும். நீர் பேசாமல் படும்!"

படுத்தேன். பொய் சொல்வானேன், சுகமாகத்தான் இருந்தது. கட்டிலுக்கே ஆட்டுக்கால் சூப் வரும். புட்டு வரும். கூடவே போனும் வரும்! லண்டனிலிருந்து மச்சாள்: "எனக்குத் தெரிஞ்ச ஒராளுக்கும் உப்பிடித்தான்... கடைசிவரைக்கும் பொருந்தேல்லை." டொரன்டோவிலிருந்து சித்தி: "காலை எடுக்கச் சொல்லேல்லைத்தானே?" ஒவ்வொரு போன் அழைப்புக்கும் நெஞ்சு பதறும். நித்திரை போச்சு.

நாலு கிழமை கழித்து எக்ஸ்ரே. முறிந்த இடம் முறிந்தபடியே. சுற்றியிருந்த எலும்புகூட மெலிந்துவிட்டதாம். "தராசில் காலை வைத்தீர்களா?" என்று டாக்டர் கேட்டபோதுதான் மனுசனின் தலை குனிந்தது.

இன்னும் ஆறு கிழமையில் எலும்பு வளராவிட்டால் மறுபடி ஒப்பரேசன். இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டுமாம். இடுப்பிலிருந்து! அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

அன்று பின்னேரம் மேல்வீட்டுக் கவிதா பார்க்க வந்தாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை. எலும்பு செல்களை ஆராயும் லேப்பில் வேலை.

"அக்கா, விண்வெளிக்குப் போறவங்களுக்கு எலும்பு தேயும், தெரியுமா? பாரம் விழுந்தாத்தான் எலும்பு தன்னைக் கட்டிக்கும். அங்க பாரமே இல்ல. எங்க லேப்ல செல்லை ஒரு மெஷின்ல வெச்சு எல்லாப் பக்கமும் சுத்திக்கிட்டே இருப்போம். எது மேல, எது கீழன்னே அதுக்குத் தெரியாது. கட்டுற வேலையைக் குறைச்சிடும்."

"நான் எங்கை பிள்ளை விண்வெளிக்குப் போனனான்?"

"வாரக்கணக்கா கட்டில்ல கிடந்தா கிட்டத்தட்ட அதேதான் அக்கா. பத்தாததுக்குப் பயம் வேற. ஓயாத டென்ஷன்ல கார்டிசோல்னு ஒரு ஹார்மோன் ஏறும். எலும்பு கட்டுற செல்லை அது அடக்கிடும்."

அடக் கடவுளே! டிக்கெட் இல்லாமல் ராக்கெட் ஏறியிருக்கிறேன்.

சூப் கோப்பையோடு கதவடியில் நின்ற மனுசன் எல்லாவற்றையும் கேட்டார். போய்த் தராசைக் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்தார்.

முதல் நாள் முள் எட்டோடு நின்றுவிட்டது. வலியைவிடப் பயம்தான் கூட. ஆனால், இடுப்பை வெட்டக் கொடுப்பேனா? பல்லைக் கடித்துக்கொண்டு ஊன்றினேன். பன்னிரண்டு... பதினைந்து...

"எங்கடை அரிசி மூடையின்ரை பாரம்தான். ஊண்டும், ஊண்டும்!" — படும் என்று சொன்ன அதே வாய்! போனுக்கும் அவரே காவல். "அவ நடக்கிறா. பிறகு எடுங்கோ." சித்திக்கும் அதே பதில்தான்.

இருபது வந்தது. டாக்டர் சொல்லச் சொல்ல முப்பது, நாற்பது என்று கூட்டினேன். ஒரு நாளும் விடவில்லை.

எங்கள் ஆட்களுக்கு அன்பு என்றால் என்ன? அடுத்தவரின் சுமையைப் பறித்து நாங்கள் தூக்குவது. நல்ல பழக்கம்தான்... எலும்புக்கு மட்டும் அது விளங்குதில்லை.

நேற்றுமுன்தினம் எக்ஸ்ரே. முறிவுக்கு நடுவில் வெள்ளையாய், பனிமூட்டம் படிந்ததுபோல் ஏதோ தெரிந்தது. "புது எலும்பு. ஒப்பரேசன் தேவையில்லை" என்றார் டாக்டர். மனுசன் கண்ணைத் துடைத்தார். நானும்தான்.

வெளியே வந்ததும், வழக்கம்போல் என் தோள்பையை வாங்கக் கையை நீட்டினார்.

"விடுங்கோ! அது என்ரை எலும்பின்ரை சாப்பாடு."