தண்டில் சவரியம்மாள்

1999 பிப்ரவரி, ஒரு புதன்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினேன். பெங்களூருக்குச் சுமார் நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் முப்பத்தொரு ரூபாய். திருப்பத்தூரில் நான் பாடம் நடத்தும் பள்ளிக்கு ஒரு நாள் லீவு சொல்லியிருந்தேன்.

தேடிப் போனது சவரியம்மாளை. என் தாத்தாவைப் பெற்றவள். கணவன் இறந்ததும் ஏழு வயது மகனைத் தன் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, பெங்களூர் தண்டுக்கு ஓடிப்போய் ஒரு சிப்பாயைக் கட்டிக்கொண்டாள் என்பது எங்கள் வீட்டுக் கதை. பட்டாளம் இருந்த கண்டோன்மென்ட் பகுதிக்குப் பழைய ஆட்கள் சொல்லும் பெயர் தண்டு. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் எண்பத்து நான்கு வயது அப்பாவுக்கு அந்த அவமானம் ஆறவில்லை. "போய் என்னத்தக் கண்டுபிடிக்கப் போற? இருக்கிற மானமும் போறதுக்கா?" என்று முந்தின நாள்கூடக் கேட்டார்.

ஒன்பதே காலுக்குக் கண்டோன்மென்ட் ஸ்டேஷன். சித்தப்பா மகன் சகாயம் காத்திருந்தான். ஒக்கலிபுரத்தில் வீடு, பீன்யாவில் வேலை. எனக்காக லீவு போட்டிருந்தான். தண்டிலிருந்த பழைய மாதா கோவிலுக்கு ஆட்டோ பத்து ரூபாய்.

"சர்ச்ல கல்யாணமாக்கா?" என்றார் டிரைவர்.

"நூறு வருஷத்துக்கு முந்தின கல்யாணம். நடந்துச்சான்னு பாக்கப் போறோம்" என்றான் சகாயம்.

"அய்யோ, சாப்பாடு தீந்திருக்குமே!" என்று அவர் சிரித்ததில் எனக்குள் இருந்த படபடப்பு கொஞ்சம் குறைந்தது.

கோவில் ஆபீஸில் பிலோமினா என்ற அம்மாள் நான் எழுதிய கடிதத்தை எடுத்து வைத்திருந்தார். பழைய பதிவேடுகள் லத்தீனில் இருக்கும். இருபது வருஷப் பழக்கத்தில் அவருக்கு வேண்டிய சொற்கள் தெரியும். "போட்டோ வேணாம், பென்சில்ல காப்பி பண்ணிக்குங்க. பேப்பர் ஒடையும், சொல்ப மெதுவா திருப்புங்க" என்றார்.

முதலில் திருமணப் பதிவேடுகள். பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை விரலை வைத்து வரிவரியாகப் போனோம். சவரியம்மாள்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். எவளும் திருப்பத்தூர்க்காரி இல்லை. பக்கத்து மிலிட்டரி ஹோட்டலில் மட்டன் பிரியாணி சாப்பிட்டோம். நன்றாக இருந்தது. "கல்யாணமே பண்ணிக்காம இருந்திருந்தா, அது இன்னும் மோசமாச்சேக்கா" என்றான் சகாயம். எனக்கும் அதே பயம்தான்.

இரண்டு மணிக்குத் திரும்பியபோது பிலோமினா ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து வைத்திருந்தார். "கொழந்தை பொறந்திருந்தா இதுல இருக்கும்."

பெற்றோர் பெயர்களை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். கண்டுபிடித்தது சகாயம்தான். அவன் விரல், ஞானஸ்நானத்தில் குழந்தையை ஏந்தி நிற்கும் ஞானத்தாயின் பெயர் இருந்த இடத்தில் நின்றது. சவரியம்மாள், திருப்பத்தூர். பிலோமினா குனிந்து படித்தார். "‘விதுவா’ன்னா விதவை. ‘ஆப்ஸ்டெட்ரிக்ஸ்’னா பிரசவம் பாக்குறவங்க. மருத்துவச்சிங்க இவங்க."

அதன் பிறகு அவள் இல்லாத பக்கமே அபூர்வமாகிவிட்டது. வண்டிக்காரர், சமையல்காரர், துணி வெளுப்பவர் என்று யார் வீட்டுப் பிள்ளைக்கும் அவள் ஞானத்தாய். சில இடங்களில் இன்னொரு வரியும் இருந்தது: பிள்ளை பிழைக்காது என்று தெரிந்ததும், பாதிரிச் சாமியார் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாமல், மருத்துவச்சியே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறாள். அந்த வரிகளைப் படித்த பிலோமினாவின் குரல் தணிந்தது. எந்தப் பக்கத்திலும் சிப்பாய் இல்லை. வருஷங்கள் போகப்போக ‘விதுவா’ மட்டும் மாறவேயில்லை.

மூன்றரை மணிக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற பக்கங்களில், என் தாத்தாவின் பெயரைப் பார்த்தேன். தந்தை அந்தோணி, ஊர் திருப்பத்தூர். தாய் மரியாயி. பெண் குழந்தை, பெயர் சவரியம்மாள். ஞானத்தாய், குழந்தையின் பாட்டி.

அது எங்கள் பெரிய அத்தை. வீட்டில் எல்லோரும் பாப்பாத்தி என்றே கூப்பிட்டார்கள். அவளுடைய கல்யாணப் பத்திரிகையில்தான் சவரியம்மாள் என்ற பெயரை அப்பா பார்த்திருக்கிறார். பாட்டிக்காக வைத்தது என்று தோன்றாமல், புனிதர் பெயர்தானே என்று விட்டுவிட்டாராம்.

"தாத்தா இங்க வந்திருக்காரு" என்றேன். "தலைப்பிரசவத்துக்குப் பெண்டாட்டியத் தன் அம்மாகிட்டயே கூட்டிட்டு வந்திருக்காரு."

"பேரும் வச்சிருக்காரேக்கா" என்றான் சகாயம். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

ஏழு வயதுப் பிள்ளையை ஏன் விட்டுவந்தாள் என்பதற்குப் பதிவேட்டில் பதில் இல்லை. பிரசவம் பார்க்க எங்கே கற்றாள் என்பதற்கும் இல்லை. அவள் விட்டுவந்த மகன் தேடி வந்தான் என்பது வரை தெரிந்தது. எனக்கு அது போதும் என்றிருந்தது. பிலோமினாவிடம் நன்றி சொல்லிக் கிளம்பும்போது, "எங்க வீட்டாளுங்ககூட இந்தப் பேட்டைதாங்க. எங்க பாட்டனையும் இவங்கதான் எடுத்தாங்களோ என்னவோ" என்றார்.

ஐந்தரைக்கு ஸ்டேஷன் வாசல் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். எழுதி வைத்திருந்ததை அப்படியே படித்தேன்.

"அப்போ, எங்க அக்காவ மொதல்ல கையில வாங்கினது அவங்கதானா?"

அப்பா அதுவரை அவளை ‘அவ’ என்றுதான் சொல்லியிருக்கிறார்.

"ஆமாப்பா."

"சரி. பத்திரமா வந்து சேரு. சகாயத்தக் கேட்டேன்னு சொல்லு" என்றவர், போனை வைக்காமல், "அந்தப் பக்கத்துல எங்கப்பா கையெழுத்து இருக்குதா?" என்றார்.

இருந்தது. ரயில் கிளம்பி ஊர் பின்னால் போகும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பென்சிலால் நான் வரைந்துகொண்ட நகல்தான். முதல் எழுத்து மட்டும் பெரிதாக, மற்றவை ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன.