ராப் பாட்டுக்கு முப்பது கம்பளி, நூறு சேர்

வாடகை சாமான் கடை வெச்சிருக்கறவங்க எல்லாருக்கும் தெரியுமுங்க, கல்யாணமா கருமாதியான்னு கேக்காம ஒரு கரண்டி கூட வெளிய குடுக்கக் கூடாது. கருமாதிக்கு வாங்கினவங்க மறுநாளே கொண்டாந்து போட்டுருவாங்க. கல்யாணத்துக்குன்னா கடைசி மாமன் மேட்டுப்பாளையம் பஸ் ஏறுற வரைக்கும் சாமான் வராது. குன்னூர்ல கடை போட்ட நாள்ல இருந்து எனக்கு இந்த ஒரு கேள்வியே போதுமா இருந்துச்சு. ஜெனி வந்தப்பத்தான் பத்தாமப் போச்சு.

படுக்க ஆளில்லாத கம்பளி

ஜெனி, எஸ்டேட் தொழிலாளிங்க குடியிருக்கற லைன் ஊட்டுப் புள்ள. டீ பேக்டரியில வேலை செய்யற ஆரோக்கியத்தோட மக. எஸ்டேட் ஆபீஸ்ல டைப் அடிச்சுட்டு இருந்தவ, அதை உட்டுட்டு ராப் பாடப் போறேன்னுட்டா. ஒரு நாள் வந்து முப்பது கம்பளி கேட்டா. "கல்யாணமா கருமாதியா கண்ணு?"ன்னேன். ரெண்டும் இல்லையாம், செவுத்துக்காம். செவுத்துக்கு எதுக்குங்க குளுரப் போகுது?

மனசு கேக்காம பின்னாலயே போய்ப் பாத்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு மேல ஒரு ரூம், அதுதான் ஸ்டுடியோவாம். நாலு செவுத்துலயும் என்ற கம்பளி தொங்குது. சத்தம் செவுத்துல பட்டுத் திரும்பி வரக் கூடாதாம். நடுவால புள்ள மைக்கு முன்னாடி நின்னு, கண்ணை மூடிட்டு, மூச்சு உடாம என்னென்னமோ சொல்லுது. என்ற சின்னம்மா ஒருத்தி டைபாய்டு வந்து இப்படித்தான் பெனாத்தினா. அவளக் கட்டில்லயே வெச்சு ஊட்டிக் காந்தல்ல இருந்து தூக்கிட்டு வந்தோம், பாதி வழியில எந்திரிச்சு டீ கேட்டா, அது கெடக்கட்டும். நான் ஓடிப்போயி ஜெனி நெத்தியத் தொட்டுப் பாத்தேன். அவ காதுல இருந்ததைக் கழட்டிட்டுச் சொல்றா:

"காய்ச்சல் இல்லீங்க அம்மிச்சி, இது ரெண்டாவது பாட்டு."

அப்பங்காரன் வந்தது

மறுவாரம் ஆரோக்கியம் கடைக்கு வந்தாரு. ஒண்ணும் வாங்கலை. அண்டாவைத் தட்டிப் பாக்கறாரு, கரண்டியத் திருப்பிப் பாக்கறாரு. கடைசியா, "அந்தப் புள்ள கம்பளியெல்லாம் நனைக்காம வெச்சிருக்குதுங்களா?"ன்னாரு. ஆபீஸ் வேலைய உட்ட நாள்ல இருந்து மகளோட பேச்சில்லை. சேதியெல்லாம் அவ அம்மா ஸ்டெல்லா மூலமாத்தான் போய் வருது. அவரு போட்ட கெடு இதுதான்: பாட்டு வெளிய வர்ற அன்னிக்கு லைன்ல இருக்கற சனம் உக்காந்து கேக்கணும். கேக்கலைன்னா திங்கக்கிழமை மறுபடி ஆபீஸுக்குப் போயிரணும். எஸ்டேட் மேனேஜர் துரைகிட்டக் கையக் காலப் புடிச்சு அந்த எடத்தை அதுவரைக்கும் காலியா வெச்சிருக்காராம்.

"அவ பாடினதைக் கேட்டீங்களா?"ன்னேன்.

"ஸ்டெல்லா போன்ல போட்டுக் காட்டினாளுங்க. எங்கூட்டுல வையறதுக்கு ஆளில்லாமயாம்மா இவ மைக்கு வெச்சு வையறா?"

வெளியீட்டுக்கு எடம் எது

எட்டுப் பாட்டும் முடிஞ்சு ஆல்பம் ஆயிருச்சுன்னாங்க. ஸ்டெல்லா வந்து நூறு சேர் சொன்னா. ஞாயித்துக்கிழமை, எஸ்டேட் சர்ச் ஹால். தொழிலாளர் சங்கத் தலைவர் கையால வெளியீடு. அவ பின்னாலயே ஜெனி ஓடி வந்து, சேரே வேண்டாம், மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் பாட்டு அதுவா எல்லார் போன்லயும் வந்துரும்ங்கறா.

"தலைவர் எதைக் குடுப்பாரு?"

"குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க அம்மிச்சி."

"யாரு வாங்குவாங்க?"

"யாரும் வாங்க மாட்டாங்க."

எனக்குத் தலை சுத்துச்சு. ஒருக்கா என்ற ஊட்டுக்காரரு சேரைக் கொண்டுபோயி தப்பான கல்யாணத்துல போட்டுட்டு, சாப்பாடும் சாப்பிட்டு வந்தாரு. அதுலயாவது ஒரு கல்யாணம் இருந்துச்சு. ஸ்டெல்லா அசையலை.

"ஒருத்தர் வெளியிட்டா ஒருத்தர் கை நீட்டி வாங்கணும்டி, இல்லாட்டிக் கீழ விழுந்துறாதா?"

பன்னெண்டு மணி

கடைசியில ஜெனியோட போனையே ஜிகினாப் பேப்பர்ல சுத்தி, ரிப்பன் கட்டித் தட்டுல வெச்சாங்க. சேர் பூராச் சனம். சங்கத் தலைவர் ரிப்பனை அவுத்தாரு, பேப்பரக் கிழிச்சாரு, போனைத் தூக்கிக் காட்டினாரு. எல்லாரும் கை தட்டினோம். போன்ல ஒண்ணுமே வரலை. வெளிய மஞ்சு எறங்கி, மழை பிடிச்சு, டவரும் இல்லை, கரண்டும் இல்லை. பன்னெண்டரை ஆச்சு. பின்வரிசை எந்திரிக்க ஆரம்பிச்சுருச்சு. ஜெனி மொகம் வெளுத்துப் போச்சு. கதவோரச் சேர்ல, பேக்டரிச் சட்டையோட, ஆரோக்கியம்.

கொழுந்து பறிக்கற பொம்பளை ஒருத்தி, "போனு கெடக்குது, நீயே சொல்லு புள்ள"ன்னா. ஜெனி மைக்கில்லாம ஆரம்பிச்சா. ஆறு மணிச் சங்கு, பேக்டரி வாட்டு மாடியில எலை காயற சூடு, அப்பன் சட்டைய எத்தனை தடவை தொவைச்சாலும் போகாத டீத்தூள் வாசம். பாதி எனக்குப் புரியலைங்க, அம்புட்டு வேகம். முன்வரிசைப் பொம்பளைங்க என்ற சேர்க் கையிலயே தாளம் தட்டுனாங்க. ஒடைஞ்சுருமேன்னு பயந்துட்டே நானும் தட்டுனேன். எந்திரிச்சவங்க மறுபடி உக்காந்துட்டாங்க. மேல் ரோட்டுல டவர் இருக்கற எடத்துல, பாட்டு பன்னெண்டுக்கே எல்லார் போன்லயும் வந்து முடிஞ்சுதாம்!

நான் சேரை அடுக்கப் போனேன். ஆரோக்கியம் வந்து கையப் புடிச்சாரு.

"இன்னொரு மணி நேரம் சேர் கெடக்கட்டுமுங்கம்மா. அவளை மறுக்கா மெதுவாச் சொல்லச் சொல்லணும்."

"திங்கக்கிழமை ஆபீஸு?"

"அங்க வேற ஆளைப் போட்டுக்கட்டுமுங்க, இவளுக்கு இன்னும் ஏழு பாட்டு பாக்கியிருக்குதில்ல."

இப்பல்லாம் கடைக்கு வர்றவங்ககிட்டக் கல்யாணமா, கருமாதியா, ராப்பான்னு மூணாத்தான் கேக்கறேன், ஆனா அந்த மூணாவது என்னன்னு யாராச்சும் திருப்பிக் கேட்டாச் சொல்றதுக்கு எனக்கு இன்னும் தெரியலைங்க.