பரீட்சை அன்று வரும் வலி

என் மகளுக்கு ஏழு வயதில் வயிற்று வலி ஆரம்பித்தது. முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு தரையில் சுருண்டுவிடுவாள். என் கணவரின் அக்கா அவள் படித்த பள்ளியிலேயே ஆசிரியை. வகுப்பு மிஸ்ஸிடம் அவரே போய்ச் சொல்லியிருக்கிறார்: “டெஸ்ட்னா இவளுக்கு வயிறு வலிக்கும். கண்டுக்காதீங்க.” என்னிடம் வேறு கதை. “நீ வைக்கிற காரக் குழம்புதான்.”

இரண்டு வருடம் மிளகாயைக் குறைத்துக்கொண்டே வந்தேன், முட்டாள் மாதிரி.

ஒரு கணக்குப் பரீட்சை அன்று, வாந்தி எடுத்த பிள்ளையை மணி அடிக்கும்வரை உட்கார வைத்திருந்தார்கள். நான் போய்த் தூக்கியபோது உடம்பு சில்லிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கணையம் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். “குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுல இப்படி வந்திருக்கா?”

“இல்ல டாக்டர்,” என்றார் என் கணவர்.

மரபணுப் பரிசோதனை முடிவு வந்தது. கோளாறு அவரிடமிருந்து வந்திருந்தது.

திரும்பும் வழியில், பல்லாவரம் சிக்னலில் கார் நின்றபோது சொன்னார். “அப்பா இதுலதான் போனார். குடிச்சு ஈரல் போச்சுன்னு ஊரே பேசுச்சு. அவர் தொட்டதே இல்ல. அதுலேர்ந்து வயித்து வலின்னு வெளிய சொல்லக் கூடாதுன்னு அக்கா ஆர்டர். எனக்கும் காலேஜ் வரைக்கும் வந்துச்சு.”

“இவ தரையில உருண்டப்பவும் உங்களுக்குத் தெரியும்?”

பச்சை விழுந்ததும் காரை எடுத்தார்.

அன்று மாலையே ரிப்போர்ட்டோடு அக்கா வீட்டுக்குப் போனேன். “உங்க பையனுக்கும் டெஸ்ட் எடுத்துடுங்க அண்ணி,” என்றேன்.

“எங்க குடும்பத்துல அந்த மாதிரி ஒண்ணும் கெடையாது. ஜெபம் பண்ணு, சரியாகும்.”

“ஜெபத்தை நீங்களே வச்சுக்கோங்க. எம் பிள்ளை பொய் சொல்றாள்னு சொன்னீங்கள்ல, அதை முதல்ல வாபஸ் வாங்குங்க.”

வாங்கவில்லை. அந்த வீட்டு வாசலை நான் பிறகு மிதிக்கவில்லை. மகளை வேறு பள்ளியில் சேர்த்தேன்.

இப்போது அவள் சாப்பாட்டோடு மாத்திரை போட்டுக்கொள்கிறாள். வலி எப்போதாவதுதான் வருகிறது. போன மாதம் வந்தபோது அப்பாவிடம் கேட்டாள்: “உங்களுக்கும் இப்டித்தான் முதுகு வரைக்கும் குத்துமா?” ஆமாம் என்றார். எழுந்துபோய் அவர் மடியில் படுத்துக்கொண்டாள். நான் வெந்நீர்ப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவரை மன்னிக்க அவளுக்கு அவ்வளவு எளிதாக இருந்தது. எனக்கு இல்லை.