என் பட்டனை நான்தான் அமுக்குவேன்

எங்கள் தையல் ஆலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா என்போம். முதுகுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி. தைத்து முடித்த சட்டைகளில் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. காலர் ஒரு நூல் ஏறியிருந்தாலும் சரி, பொத்தான் துளை பிசிறடித்திருந்தாலும் சரி, சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். சரக்கு அன்றைக்கே கப்பலேற வேண்டும் என்று மேனேஜர் வந்து நின்று, "இன்னிக்கு ஒரு நாள் கொஞ்சம் கண்ணை மூடிக்கம்மா" என்று கெஞ்சியதை நானே பார்த்திருக்கிறேன். "கண்ணைத் தொறந்து வைக்கத்தானே சார் சம்பளம் தர்றீங்க" என்றாள். நான் அவளுக்கு அடுத்த பேக்கிங் மேசை. அவளிடம் தப்பிய சட்டைகள்தான் என் கைக்கு வரும்.

டிவி தொடர்களையும் அவள் அதே கண்ணோடுதான் பார்ப்பாள். டீ நேரத்தில் ஆரம்பித்துவிடுவாள். "மூணு நாளா ஆஸ்பத்திரியில நினைவில்லாம கிடக்கறா. உதட்டுச் சாயம் மட்டும் கலையவே இல்ல, பாத்தியா?" எது பார்க்கலாம், எது வெட்டி வேலை என்று அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எங்களில் பாதிப் பேர் வீட்டில் சேனலைத் திருப்புவோம்.

அந்த வருடம் அவள் மனசாரப் பார்க்கச் சொன்னது ஒரே ஒரு தொடரைத்தான். நர்ஸ் தொடர் என்போம். ஆஸ்பத்திரியில் மருந்து மாறிப்போய் ஒரு குழந்தை இறந்துவிடுகிறது. பழியைப் புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண்ணின் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். நடந்ததைப் பார்த்தவள் ஒரு மூத்த நர்ஸ். அவள் வாயைத் திறப்பாளா மாட்டாளா என்பதுதான் கதை. புகார் எழுத உட்கார்ந்து முதல் வரியை நாலு தடவை எழுதிக் கிழிக்கிறாள் அந்த நர்ஸ். பின்னணியில் இசை கிடையாது, காகிதம் கிழியும் சத்தம் மட்டும். அந்தக் காட்சியை அக்கா எங்களுக்கு மூன்று முறை சொல்லியிருக்கிறாள். "அவ அழுதா நிஜமாவே மூக்கு ஒழுகுதுடி. அதுக்காகவே பாக்கலாம்."

அவள் வீட்டில் இதற்கு ஒரு ஒப்பந்தம் இருந்தது. ஏழு மணிக்கு மாமியாருக்கு இரட்டையர் தொடர், ஏழரைக்கு மருமகளுக்கு நர்ஸ் தொடர். இரட்டையர் தொடர் ஆயிரம் நாளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரே முகம் கொண்ட இரண்டு சகோதரிகள். ஒருத்திக்கு நினைவு திரும்பினால் இன்னொருத்திக்குப் போய்விடும். அக்கா அதைக் கிண்டல் செய்வாள். மாமியார் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

எங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. எந்தத் தொடரை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கம்பெனி, பொறுக்கியெடுத்த சில வீடுகளில் மட்டும் மீட்டர் வைக்கும். அவள் வீடும் அதில் ஒன்று. டிவி மேல் ஒரு சின்னப் பெட்டி, அதற்குத் தனி ரிமோட், அதில் ஆளுக்கொரு பட்டன். கணவருக்கு ஒன்றாம் எண், மாமியாருக்கு இரண்டு, அவளுக்கு மூன்று, மகளுக்கு நாலு. உட்காரும்போது தன் பட்டனை அமுக்க வேண்டும், பெட்டியில் அவரவர் விளக்கு எரியும்; எழுந்து போகும்போது அணைக்க வேண்டும். வெளியே மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பதினேழு வருடம் பக்கத்து மேசையில் இருந்த என்னிடம்கூட அவள் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்க எழுந்தால்கூட மூன்றை அணைத்துவிட்டுத்தான் போவாளாம். வீடே சிரிக்குமாம்.

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு புது டிவி. கதவகலம் இருந்தது. எதிரே நாற்காலியில் கணவர், மாப்பிள்ளை மிடுக்கில் உட்கார்ந்திருந்தார். அவர் எலக்ட்ரீஷியன்; சுவரில் மாட்டியதும் அவரேதான்.

"ஒருத்தர் வந்து கொடுத்துட்டுப் போனார். சும்மாதான்."

பழைய டிவி பின்னறைக்குப் போயிருந்தது. துவைத்த துணிக் குவியலுக்கும் சுவருக்கும் நடுவில், ஒலி இல்லாமல், இரட்டையர் வரும் சேனல் ஓடிக்கொண்டிருந்தது. அறையில் ஆளில்லை. மீட்டர் பெட்டியில் நாலு விளக்கும் எரிந்தன.

"இதை யாரு பாக்கறா?" என்று கேட்டாள்.

"யாருமில்ல. அதான் விஷயமே. காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் அந்தச் சேனலே ஓடட்டும், நாலு பட்டனும் எரியட்டும்னார் டிவி கொடுத்தவர். அது பாட்டுக்கு ஓடட்டும். நாம இங்க வேணுங்கறதைப் பாக்கலாம். உன் நர்ஸையும் பெருசா பாரேன்."

"மூணாம் விளக்கு எரியுது. மூணுங்கறது நான். நான் இங்க உங்ககிட்டப் பேசிட்டு நிக்கறேன்."

"ஒரு பட்டனுக்கா இந்தக் குதி குதிக்கற?"

"நான் பாக்காததைப் பாத்தேன்னு சொல்ல அவன் யாருங்க? நீங்கதான் யாரு?"

கணவர் குரலை இறக்கினார். "இந்த ஏரியாவுல நிறைய வீட்டுல இப்படித்தான் பண்றாங்களாம். நீ ஒருத்தி பாக்கறதால உன் நர்ஸ் பொழைச்சிடப் போறாளா?"

அவள் பின்னறைக்குப் போய் நாலு விளக்கையும் அணைத்தாள். சேனலைத் திருப்பினாள். மூன்றை மட்டும் அமுக்கிவிட்டு, துணிக் குவியலை ஒதுக்கித் தரையில் உட்கார்ந்து நர்ஸ் தொடரைப் பார்த்தாள். கூடத்தில் பெரிய திரையில் இரட்டையர் சேனலின் அடுத்த தொடரில் யாரோ சண்டை போடும் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. எங்களிடம் இதைச் சொல்லும்போது, "அன்னிக்கு என் நர்ஸ் பேசின ஒரு வார்த்தைகூட எனக்குக் கேக்கல. ஆனா அசையாம உக்காந்திருந்தேன்" என்றாள்.

மூன்று நாள் இப்படியே போனது. காலையில் அவள் வேலைக்குக் கிளம்பியதும் கணவர் நாலு விளக்கையும் போடுவார். சாயங்காலம் வந்ததும் இவள் அணைப்பாள். இருவருக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோனது. சாப்பாட்டுத் தட்டைக்கூட மகள்தான் அங்குமிங்கும் எடுத்துப் போனாள்.

நாலாம் நாள் மாமியார் வெடித்தார். மருமகள் மேல் அல்ல, மகன் மேல்.

"மத்தியானம் நான் தூங்கி எந்திரிச்சு பின்னறைக்குப் போறேன், ரெண்டாம் விளக்கு எரியுது. தூங்கிட்டிருந்தவளை முழிச்சிருந்தான்னு எழுதுவானா அவன்? நான் என்ன செத்தா போயிட்டேன், எனக்குப் பதிலா அவன் பாக்க?"

"அம்மா, உனக்குப் பிடிச்ச சேனல்தானேம்மா அது..."

"அதாண்டா வயிறு எரியுது! ஆயிரம் நாள் என் சொந்தக் கண்ணால பாத்திருக்கேன். நல்லா இருக்குன்னுதான் பாத்தேன். அதுக்கு எதுக்குடா ஆளு வச்சு டிவி கொடுக்கணும்? அப்போ நல்லா இல்லன்னு அவனுக்கே தெரியுதா?"

சொல்லிவிட்டுத் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனவர்தான். அங்கேதான் ஏழு மணிக்கு இரட்டையர் பார்த்தார். ஏழரைக்கு இரண்டை அணைத்துவிட்டு எழுந்து போனார். நர்ஸ் தொடர் அவருக்குக் கடைசிவரை பிடிக்கவே இல்லை.

அடுத்த வாரம், அக்காவுக்கு விடுமுறையான அன்று, டிவி கொடுத்த அந்த ஆள் வந்தான். சட்டையை ஒழுங்காக உள்ளே செருகி, கையில் ஃபைலோடு, பார்த்தால் வங்கி ஊழியன் மாதிரி இருந்தானாம். வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க வீட்டு மீட்டர் சரியா காட்ட மாட்டேங்குதே மேடம்."

"சரியாத்தான் காட்டுது. நாங்க என்ன பாக்கறோமோ அதைக் காட்டுது."

"டிவி வாங்கிட்டீங்களே."

"வந்தது வந்த, எடுத்துட்டுப் போயிடு. நாங்களே கழட்டித் தர்றோம்."

அவன் சிரித்தான். "யார்கிட்டப் போய்ச் சொல்வீங்க? மீட்டர் இருக்குன்னு வெளிய தெரிஞ்சாலே உங்க வீட்டை லிஸ்ட்லேருந்து தூக்கிடுவாங்க. அப்புறம் உங்க நர்ஸுக்கு ஒரு ஓட்டு குறையும்."

அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. அவன் சொன்னது உண்மைதான் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நிமிடம் யோசித்தாளாம். பிறகு அவன் எதிரிலேயே போனை எடுத்துக் கணக்கெடுக்கும் கம்பெனிக்கு அடித்தாள். மறுமுனையில் மணி அடிக்கும்போதே அவன் படியிறங்கி நழுவிவிட்டான்.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். நன்றி என்றார். அப்புறம், விதிப்படி மீட்டரை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

"தப்பு பண்ணினவன் அவன். பெட்டி போறது என் வீட்டுலேருந்தா?" என்றாள் அக்கா. "எங்க வீட்டு விலாசம் அவனுக்கு எப்படிம்மா போச்சு? உங்க ஆபீஸ்ல யாரோ சொல்லாமலா? முதல்ல அதை எழுதுங்க. அதை எழுதினாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

அதிகாரிக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் எழுதினார். அக்கா இரண்டு முறை படித்துப் பார்த்து, ஒரு தேதியைத் திருத்தச் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தாள்.

அதுவரை ஓரமாக நின்ற கணவர், "இதுல என் பேரும் வரும்ல?" என்றார்.

"வரும். வாங்கினது நீங்கதானே."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பேப்பரைக் கொடுங்க மேடம். என் பங்கை நானே எழுதறேன். இவ சொன்னா இன்னும் மோசமா சொல்லுவா" என்றார். பத்து நாளில் அன்றைக்குத்தான் அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தாளாம்.

மீட்டர் போனது. பெரிய டிவியையும் சாட்சிப் பொருளாக எடுத்துப் போனார்கள். சுவரில் நாலு துளைகள் மிச்சம். அந்த ஏரியாவில் இன்னும் பதினோரு வீட்டில் இதே கதை நடந்தது விசாரணையில் தெரிந்தது. கணக்கெடுக்கும் கம்பெனியில் இரண்டு பேருக்கு வேலை போனது. டிவி கொண்டுவந்த ஆள் அகப்படவில்லை. நர்ஸ் தொடரும் பிழைக்கவில்லை. அடுத்த எட்டு வாரத்தில் முடித்துவிட்டார்கள். நர்ஸ் சாட்சிக் கூண்டில் ஏறியதும் இறங்கியதும் ஒரே எபிசோடில். அதற்கு மறுநாள்தான் அக்கா முதல்முறையாக எங்களிடம் முழுக் கதையையும் சொன்னாள். ஆத்திரம் அடங்காமல் டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டாள்.

"இவ்வளவு பண்ணி உனக்கு என்னக்கா கிடைச்சுது?" என்று கட்டிங் பிரிவுப் பெண் கேட்டாள்.

"நான் பாத்ததை நான் பாத்தேன்னு சொன்னேன். கிடைக்கறதுக்கு இதுல என்ன இருக்கு?"

அந்த வாரமே ஆலையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. 'இப்போது பார்க்கலாம்' என்று மேலே. கீழே அவள் கையெழுத்தில் இரண்டே தொடர்கள், ஒவ்வொன்றிலும் என்ன நன்றாக இருக்கிறது, எது சரியில்லை என்று. சூப்பர்வைசர் கிழித்தார். மறுநாள் மறுபடி ஒட்டினாள். அதையும் கிழித்துவிட்டு, "இது கம்பெனி போர்டும்மா" என்றார். சரி என்று தன் சாமான் அலமாரியின் கதவில் ஒட்டினாள். "இந்தக் கதவுக்குச் சாவி என்கிட்ட இருக்கு சார்."

இப்போது டீ மணி அடித்தால் அந்தக் கதவைச் சுற்றித்தான் கூட்டம். போன வாரம் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தாள். நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து ஒரு டாக்ஸி ஆபீஸ் நடத்தும் கதை. ஆறே பாகம். நான் அன்று சாயங்காலமே முதல் பாகத்தைப் பார்த்தேன். எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மறுநாள் அவளிடம் போய் அதைச் சொன்னேன். "எந்த இடம்? எந்த சீன்?" என்று சண்டைக்கு வந்தாள். நானும் விடவில்லை. மணி அடித்து எல்லோரும் மேசைக்குத் திரும்பிய பிறகும் நாங்கள் இருவரும் அங்கேயே நின்று கத்திக்கொண்டிருந்தோம்.