மூத்தவள் போன உலகம்

என் வீட்டுக்காரருக்கு நான் இரண்டாம் தாரம். மூத்தவள் செத்து ஆறு வருஷம் ஆகியும் மாலையும் பொட்டுமாகச் சுவரில் இருந்தாள். அவள் பேச்சு வந்தாலே இவர் குரல் இறங்கிவிடும், எனக்கு வயிறு எரியும். உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் சண்டையாவது போடலாம்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த சமயம் அது. சாலையெல்லாம் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள், கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பஸ்ஸும் கிளம்பவில்லை. வெள்ளிமலை வண்டியில் கண்டக்டராக இருந்த இவர், பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்ட ஒரு புத்த பிக்குவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். மத்தியானத்துக்கு மேல் பிக்கு சாப்பிடமாட்டார் என்பதால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

செத்தவர்கள் ஆறு உலகங்களில் ஏதாவது ஒன்றில் மறுபடி பிறப்பார்கள் என்றார் பிக்கு. தேவர், அசுரர், மனிதர், மிருகம், பசி தீராத பேய், நரகம். நான் அரிசி புடைத்தபடியே ஒவ்வொன்றிலும் அவளை வைத்துப் பார்த்தேன். பேய் என்றால் வேப்பிலை இருக்கிறது. மாடாக வந்தால் வைக்கோல்கூடப் போடுவேன். மனுஷியாக மட்டும் வந்துவிடக் கூடாது, அதுவும் இந்த ஊரில்.

இவர் கேட்டே விட்டார்.

"எங்க வூட்ல மின்ன இருந்தது எங்க சாமி பொறந்திருக்கும்? ஒரு எறும்பக்கூட மிதிக்காதுங்க."

"தேவலோகத்துல பொறந்திருக்கலாம்," என்றார் பிக்கு.

அப்பாடா, தொலைந்தாள் என்றிருந்தது எனக்கு. அதோடு விட்டிருக்கலாம். "அங்க ஒரு நாள்னா இங்க நூறு வருஷம்" என்று வேறு சொல்லிவைத்தார்.

டிக்கெட் கணக்கிலேயே ஊறியவர் சட்டென்று கணக்குப் போட்டார். "அப்ப அது போயி ஒண்ணர மணி நேரம்தான் ஆவுது. என்னிய இன்னும் மறந்திருக்காது சாமி!"

எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

செத்தும் கெடுத்தாள். நான் இவருக்கு ஆக்கிப் போட்டு, பிள்ளை பெற்று, தலை நரைத்துச் சாகிறவரை அவளுக்கு ஒரு பகல்கூட முழுசாக ஆகாது. அவள் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் இவர் போய் எதிரே நிற்பார். நான் அங்கே இல்லாமல் போனால் இவர் மறுபடி அவளுக்குத்தான்.

மறியல் முடிந்து பஸ் ஓடத் தொடங்கியது. பிக்குவின் பையைத் தூக்கிக்கொண்டு இவர் முன்னால் நடந்தார். நான் பிக்குவை வாசலில் நிறுத்தினேன்.

"நானும் அந்த தேவலோகத்துக்குப் போவணும்னா இன்னா பண்ணணும் சாமி?"

"தானம் பண்ணும்மா. முக்கியமா, மனசுல இருக்கிற பொறாமையை விட்டுடணும்."

"அத்த வுட்டுட்டா, அப்புறம் நான் இன்னாத்துக்கு சாமி அங்க போறேன்?"